ராத்திரியில நின்னு, அடுப்பு மூட்டினா ஓடுற மணிக்கூடு: மெசினை மாத்தாம சரிபண்ண முடியுமா?

நானுஓயா மூடுபனி (ஜனவரி 6, இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல அலமாரி மேல வைக்கிற மரப்பெட்டி மணிக்கூடு ஒண்ணு இருக்கு. சாவி கொடுக்கிறது இல்ல, குவார்ட்ஸ் மெசின். அம்மா குவைத்துல வீட்டுவேலை செஞ்சுட்டு 1994ல திரும்பி வந்தப்ப ரெண்டு போர்வைக்கு நடுவுல சுத்திக் கொண்டாந்தது. மணிக்கு ஒரு தடவை பாட்டுப் பாடி, அப்புறம் எத்தனை மணியோ அத்தனை தடவை அடிக்கும். நேரம் ஓட ஒரு பென்டோர்ச் பேட்டரி, பாட்டுக்கு ரெண்டு நடுத்தர சைஸ் பேட்டரி.

அப்பா காலமாகி ரெண்டு வருசமாகுது. அவரு இருந்த வரைக்கும் பேட்டரி போடுறது, தொடைக்கிறது எல்லாமே அவருதான். எங்களைத் தொட விடமாட்டாரு.

டிசம்பர் மாசத்துல இருந்து ராத்திரியானா நின்னுருது. காலையில அம்மா அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் போனதும் யாரும் தொடாமலே மறுபடி ஓடுது. அப்புறம் பகல் 11 மணிக்கு 6 அடிக்குது. ஒரு கடையில காட்டினேன். திறந்துகூட பாக்காம "மெசினை மாத்திரலாம்"னாங்க. மாத்தினா பாட்டும் மாறிடுமேன்னு அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான். வீட்டுலயே செஞ்சு பாக்க வழி சொல்லுங்க.

சோல்டர் ஹட்டன் (ஜனவரி 6, இரவு 9.15)

தம்பி, முதல்ல ரெண்டு விசயம் சொல்லுங்க. பேட்டரி புதுசா? நின்னுருக்கும்போது செக்கன் முள்ளு அசையாம கிடக்குதா, இல்ல ஒரே இடத்துல துடிக்குதா? அசையாம கிடந்தா கரண்டு போகல, இல்லாட்டி கொயில் அறுந்துருக்கு. துடிச்சா மோட்டார் உயிரோட இருக்கு, தள்ளத்தான் பலமில்ல.

பேட்டரி உக்கார்ற தகட்டுல பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கான்னும் பாருங்க.

நானுஓயா மூடுபனி (ஜனவரி 9, காலை 6.30)

அண்ணே, மூணு ராத்திரி முழிச்சிருந்து பாத்து எழுதி வச்சேன். 1.40க்கு ஒரு நாள், 2.15க்கு ஒரு நாள், நேத்து 1.55க்கு. முள்ளு துடிக்குது. மூணு நாளும் செக்கன் முள்ளு 9க்குப் பக்கத்துலதான் மாட்டிக்கிட்டு, ஒரு முடி ஏறுது, திரும்ப இறங்குது. பேட்டரி அல்கலைன், புதுசு. அதை மாத்தி இன்னொரு புதுசு போட்டும் அதே கதைதான். பாட்டுப் பேட்டரி பக்கத்துத் தகடு ஒண்ணுல மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கு.

கதவுப் பக்கம் வைக்காம, காம்பராவுல அடுப்படிச் சுவரோட ஒட்டின பலகையிலதான் எப்பவும் வச்சிருக்கு. ஈரம் படாதுன்னு அப்பா போட்ட பலகை.

பண்டாரவளைக்காரி (ஜனவரி 9, காலை 10.05)

நான் யாழ்ப்பாணத்திலை பிறந்து இஞ்சை வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்ரை அய்யாவின்ரை மணிக்கூட்டிலையும் இப்பிடித்தான் ஒரு பிரச்சினை வந்தது. செக்கன் முள்ளு கண்ணாடியிலை உரசுதோ, மூண்டு முள்ளும் ஒண்டையொண்டு தொடுதோ எண்டு பக்கவாட்டிலை குனிஞ்சு பாருங்கோ. நடுவிலை ஒரு கடுதாசி போய்வர இடைவெளி இருக்கவேணும்.

மற்றது, தம்பி, மெசினை மாத்திற அலுவலை ஆகக் கடைசிக்கு வையுங்கோ. நான் மாத்தினனான். புது மெசின் பிழையில்லாமல் ஓடுது, நேரமும் சரி. ஆனால் அது பாடேக்கை அய்யா வீட்டிலை இருக்கிற மாதிரி இல்லை. பழைய மெசினைக் கடைக்காரர் குப்பையிலை போட்டிட்டார், நானும் கேக்கேல்லை. அதை இண்டைக்கும் நினைச்சுக் கவலைப்படுறன்.

சோல்டர் ஹட்டன் (ஜனவரி 9, பகல் 1.20)

அக்கா சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கடைக்காரங்க பக்கத்தையும் சொல்லணும். சாதாரண மெசின் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. பழசைத் திறந்து கழுவிப் பூட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கூலியை யாரும் தரமாட்டாங்க. அதனாலதான் மாத்துன்னு சொல்றாங்க, ஏமாத்துறதுக்கு இல்ல.

பாட்டு மெசின் விசயம் வேற. மெட்டு பெரும்பாலும் ஒண்ணுதான், லண்டன் பார்லிமென்ட் கோபுரத்து மணி மெட்டு. குரல்தான் மெசினுக்கு மெசின் மாறும். பலகையில இருக்கிற சிப்பு, ஸ்பீக்கர், அது உக்காந்திருக்கிற மரப்பெட்டி மூணும் சேர்ந்தாத்தான் அந்தக் குரல். அதனால தம்பி வீட்டுலயே பாக்கிறதுதான் சரி.

9ல மாட்டுறதுக்குக் காரணம் இருக்கு. இடது பக்கத்துல இருந்து முள்ளு மேல ஏறும்போது அதோட பாரம் முழுக்க மோட்டார் மேல விழுகும். எங்கயோ இறுக்கம் இருக்கு. ஆனா அது ஏன் ராத்திரியில மட்டும்னு எனக்கு விளங்கல.

வட்டவளை வாத்தியார் (ஜனவரி 9, இரவு 7.50)

குளிரால் குவார்ட்ஸ் நின்றுவிட்டதோ என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் படிகம் சின்ன இசைக்கவை போன்ற வடிவம் கொண்டது. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். சிப்பு அதை 15 முறை பாதி பாதியாக வகுத்து, செக்கனுக்கு ஒரு துடிப்பாக மோட்டாருக்குக் கொடுக்கிறது. அந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டி நன்றாக ஓடும். குளிர்ந்தாலும் சுட்டாலும் கொஞ்சம் தாமதிக்கும். 10 டிகிரியில் நாளுக்கு முக்கால் செக்கன்கூடக் குறையாது. நுவரெலியாப் பக்கத்துச் சராசரியான 16 டிகிரியில் மாதத்துக்கு 7 செக்கன் அளவு பின்தங்கலாம், அவ்வளவுதான். குளிரில் பேட்டரியும் கொஞ்சம் சோரும், ஆனால் புது அல்கலைன் நம் மலைக்குளிருக்கெல்லாம் படுத்துவிடாது.

ஆகவே குளிரில் இறுகி, அடுப்புச் சூட்டில் இளகுகிற ஏதோ ஒன்று பற்சக்கரங்களில் இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி. காலையில் எழும்பும்போது உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் எப்படி இருக்கும்?

நானுஓயா மூடுபனி (ஜனவரி 9, இரவு 8.10)

கல்லு மாதிரி இருக்கும் சேர். அம்மா அடுப்புப் பக்கத்துல வச்சு இளக்கித்தான் தலைக்குப் பூசுவாங்க.

கேட்டுட்டு வாரேன்.

நானுஓயா மூடுபனி (ஜனவரி 9, இரவு 9.00)

சேர், நீங்க நினைச்சது சரி. அம்மாதான் விட்டிருக்காங்க. தீபாவளிக்கு வீடு தொடைச்சப்ப, முள்ளு நடுவுல மூணு சொட்டு, பின்னால நேரம் திருப்புற குமிழ்ல ரெண்டு சொட்டு, கோழி இறகால. அப்பா தேயிலைப் பேக்டரியில இருந்தவரு. ரோலர் மெசினுக்கு எண்ணெய் போடுறது அவரோட வேலை. "மெசின்னா எண்ணெய் கேக்கும், உங்கப்பா இருந்தா விட்டிருப்பாருல்ல, அதான் நான் விட்டேன்"னு சொன்னாங்க. சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல. அவங்களாலதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டாங்க.

வட்டவளை வாத்தியார் (ஜனவரி 9, இரவு 9.20)

அம்மாவிடம் சொல்லுங்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், கழுவினால் போய்விடும். அம்மா சொன்னது பேக்டரி மெசினுக்கு முழு உண்மை. இந்தச் சக்கரங்கள் பிளாஸ்டிக், இரும்போடு இரும்பு உரசாது. உலர்வாக ஓடத்தான் செய்யப்பட்டவை. அந்த மோட்டாரின் பலமும் ரொம்பச் சின்னது, ஒரு பென்டோர்ச் பேட்டரியில் வருடக் கணக்காக ஓடுவதே அதனால்தான். உறைந்த எண்ணெய்க்குள் அதால் நகர முடியவில்லை.

சோல்டர் ஹட்டன் (ஜனவரி 10, காலை 7.10)

வாத்தியாரே, ராத்திரி முழுக்க யோசிச்சும் எனக்குத் தோணாத விசயம்.

தம்பி, இனி வேலையை ஞாயித்துக்கிழமை பகல்ல வச்சுக்கங்க. மேசையில வெள்ளைத் துவாய் விரிங்க. இரும்புத் தட்டுல வைக்காதீங்க, ஏன்னு கீழே சொல்றேன். பேட்டரி மூணையும் எடுத்துட்டு, எந்த வயர் எங்க போகுதுன்னு போன்ல படம் எடுங்க. நாலு படம் கூட எடுத்தா தப்பில்ல.

முள்ளு கழட்டுறதுதான் பயமான இடம். முதல்ல எல்லா முள்ளையும் 12ல கொண்டாந்து நிறுத்துங்க. எப்பவும் முன்பக்கமாத்தான் திருப்பணும், பாட்டு மணிக்கூட்டைப் பின்னால திருப்பக் கூடாது. டயல் மேல ஒரு மெல்லிய அட்டையை வச்சு, ரெண்டு டீஸ்பூனை முள்ளோட மூட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் செருகி, ஒரே சமயத்துல மெதுவா அமுக்குங்க. நேரா மேல வரணும். ஒரு பக்கமா நெம்பினா தண்டு வளைஞ்சிரும். அப்புறம் நடுவுல இருக்கிற பித்தளை நட்டைத் துணி சுத்தின குறடால கழட்டுனா மெசின் பின்பக்கமா வந்துரும்.

மெசின் மூடி கொக்கியிலதான் நிக்கும், ஸ்குரூ இருக்காது. நகத்தால, முடியாட்டி தட்டையான ஸ்குரூ ட்ரைவரால ஒவ்வொரு கொக்கியா விடுங்க. மூடி வந்ததும் கை வைக்காம முதல்ல மேலே இருந்து படம் எடுங்க. சக்கரம் ஒவ்வொண்ணா எடுக்கும்போது எடுத்த வரிசையிலயே துவாயில இடமிருந்து வலமா வைங்க. அதுல ஒண்ணு சின்னக் காந்தம், ரோட்டார். இரும்பு எங்க இருந்தாலும் பாஞ்சு ஒட்டிக்கும். அதுல இரும்புத் தூள் ஒட்டினா மோட்டார் அப்புறம் ஓடாது.

கொயில் கிட்ட மட்டும் ரொம்பக் கவனம். தலைமுடியை விட மெல்லிசான செப்புக்கம்பி அது. அதுல ஸ்குரூ ட்ரைவர் ஒரு தடவை வழுக்கினா, அப்புறம் நானும் உங்க கடைக்காரரு சொன்னதையேதான் சொல்லணும்.

பண்டாரவளைக்காரி (ஜனவரி 10, காலை 9.30)

கழுவுறதுக்குப் பெற்றோலோ தின்னரோ பாவிக்காதேங்கோ, பிளாஸ்டிக் வெடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியிலை பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு துளி, மெல்லிய தூரிகை, அவ்வளவும் போதும். சக்கரங்களை மட்டும் கழுவுங்கோ. கொயிலும் சிப்பும் இருக்கிற பக்கத்தை நனைக்காமல், பஞ்சிலை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு எண்ணெய் பட்ட இடத்தை மட்டும் துடையுங்கோ.

பச்சை பூத்த தகட்டுக்கு வினாகிரி, இல்லாட்டி தேசிக்காய்ப் புளி. காது குடையிற பஞ்சிலை தொட்டுத் தேய்ச்சுப்போட்டு, அதின்ரை புளிப்பு மிஞ்சாமல் ஸ்பிரிட்டாலை திரும்பத் துடைக்கவேணும்.

காயவைக்கிறதுக்கு மட்டும் அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ, பல்லு வளைஞ்சுபோகும்.

நானுஓயா மூடுபனி (ஜனவரி 14, இரவு 10.15)

இன்னைக்குத் திறந்தோம். அம்மாவும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நாளைக்குப் பொங்கல், அதுக்கு முன்ன முடிக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க.

முள்ளு ரெண்டு டீஸ்பூன்ல பூப் பறிக்கிற மாதிரி வந்துருச்சி அண்ணே. மெசின் மூடியைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசம் அடிச்சது. நடுச் சக்கரத்துப் பல்லுக்கு நடுவுல வெள்ளையா, வெண்ணெய் அப்பின மாதிரி இருந்துச்சி. அதுல அடுப்புக் கரி படிஞ்சு ஓரமெல்லாம் சாம்பல் நிறம். மூணு சொட்டுதான் விட்டதுன்னு அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மூணு சொட்டே அவ்வளவு தூரம் பரவியிருக்கு, ஒரு சக்கரம்கூட மிச்சமில்ல.

ரோட்டார் மிளகை விடக் கொஞ்சம் பெருசு. நான் எடுக்கும்போதே ஸ்குரூ ட்ரைவர்ல பாஞ்சு ஒட்டிருச்சி. நீங்க சொல்லியிருக்காட்டி காணாம போச்சுன்னு தரையெல்லாம் தேடியிருப்பேன். செலோடேப் பசையால அதோட பக்கத்தை ஒத்தி எடுத்தேன், கறுப்பா ரெண்டு தூள் வந்துச்சி.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். மெசினை வெளிய எடுக்க மரப்பெட்டியோட பின் பலகையைக் கழட்டினேன்ல, அதோட உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. அப்பாவோட எழுத்து. பேட்டரி மாத்தின ஒவ்வொரு தேதியும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு. 94ல ஆரம்பிச்சு, பலகை முடிஞ்சதும் பக்கவாட்டுல திரும்பி மேல ஏறுது. நடுவுல மூணு வரி மட்டும் வேற மாதிரி:

25.5.96 ஒரு மணி நேரம் கூட்டினது.
26.10.96 அரை மணி நிப்பாட்டி வச்சது.
15.4.2006 அரை மணி நிப்பாட்டி வச்சது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினேன். நிப்பாட்டி வச்ச அன்னைக்கு அவரு பேட்டரியைக் கையில வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டு ரேடியோவுல நேரம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தது அவங்களுக்கு ஞாபகம் இருக்கு.

சக்கரமெல்லாம் கழுவித் துவாயில காயுது. நாளைக்குப் பூட்டுவேன்.

சோல்டர் ஹட்டன் (ஜனவரி 14, இரவு 10.40)

தம்பி, உங்கப்பா பாட்டு மணிக்கூட்டை நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தவரு. அரை மணி குறைக்க முள்ளைப் பின்னால திருப்பாம, பேட்டரியை எடுத்து அரை மணி காத்திருந்திருக்காரு பாருங்க. நான் கடை போட்டு எத்தனையோ வருசம் கழிச்சுத்தான் அதைக் கத்துக்கிட்டேன். எத்தனை பேரு பின்னால திருப்பி உள்ளே இருக்கிற தொடுதகட்டை வளைச்சுக் கொண்டாந்திருக்காங்க.

வட்டவளை வாத்தியார் (ஜனவரி 15, காலை 6.00)

பொங்கல் வாழ்த்துகள். அந்த மூன்று தேதிகளைப் பார்த்ததும் எனக்கும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 96இல் மழை பொய்த்து, நம் மலையக நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கி, நாடு முழுக்க மின்வெட்டு. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் நேரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய பழைய கணக்குக்கு 2006 ஏப்ரலில்தான் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்காமல் ஒரு காரியத்துக்கும் போக முடியாது.

அந்தப் பலகையைத் துடைக்காதீர்கள், வார்னிஷும் பூசாதீர்கள். பென்சில் கரி ஈரத்தில் மங்காது, தேய்த்தால்தான் போகும்.

நானுஓயா மூடுபனி (ஜனவரி 15, மாலை 6.20)

ஓடுது!

ரெண்டாவது தடவையிலதான் மூடி உக்காந்துச்சி. முதல் தடவை ஒரு சக்கரத்தோட அச்சு ஓட்டையில விழாம இருந்திருக்கு. படத்தைப் பாத்துச் சரிபண்ணினேன். பாட்டும் வந்துருச்சி, அதே குரல். அம்மா பொங்கப் பானைகிட்ட இருந்து எந்திரிச்சு ஓடி வந்தாங்க.

ஆனா 5 மணிக்கு ஒரே ஒரு தடவைதான் அடிச்சது. 6 மணிக்கு ரெண்டு. ஏதாவது தப்பாப் பூட்டிட்டேனா?

சோல்டர் ஹட்டன் (ஜனவரி 15, மாலை 6.45)

தப்பே இல்ல. பேட்டரி எடுத்ததுல அது எண்ணிக்கையை மறந்து ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருக்கு. அடுத்த மணிக்கு எத்தனை அடிக்குதுன்னு கேளுங்க. சின்ன முள்ளை மட்டும் கழட்டி அந்த எண்ணுல வைங்க. அப்புறம் பெரிய முள்ளை முன்பக்கமாத் திருப்பிச் சரியான நேரத்துக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு 12லயும் பாட்டு முடியுற வரைக்கும் பொறுத்திருந்து திருப்பணும், அவசரப்பட்டா திரும்பவும் எண்ணிக்கை பிசகும்.

இன்னைக்கு ராத்திரி சன்னல் ஓரமா வைங்க. விடியற்காலைக் குளிர்ல நிக்காட்டி இனி நிக்காது.

நானுஓயா மூடுபனி (பிப்ரவரி 16, இரவு 8.00)

ஒரு மாசம் பாத்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன். சன்னல் ஓரமா வச்ச ராத்திரி வெளியில புல்லெல்லாம் உறைபனி, வெள்ளையா இருந்துச்சி. அன்னைக்கும் நிக்கல, அதுக்கப்புறமும் ஒரு நாள்கூட நிக்கல. இன்னைக்குப் போன் நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன், 8 செக்கன் பின்னால இருக்கு. வாத்தியார் சேர் கணக்குக்கு ஒரு செக்கன்தான் வித்தியாசம்.

இடத்தை மட்டும் மாத்தினோம். அடுப்படிச் சுவர்ல கரியும் ஆவியும் படுதுன்னு அம்மாவே எடுத்து முன் காம்பராவுல வச்சாங்க. பண்டாரவளை அக்கா, தகடு தேசிக்காய்ப் புளியில பளிச்சுன்னு ஆயிருச்சி, நன்றி.

தெமோதரை (பிப்ரவரி 18, பகல் 2.30)

இந்த இழையை முழுக்க வாசித்தேன். எங்கள் வீட்டிலும் இப்படிப் பாடுகிற மணிக்கூடு உண்டு, மாமியாருடையது. நேரம் சரியாக ஓடுகிறது, பாட்டு மட்டும் இல்லை. வீட்டை மாற்றி ஒழுங்குபடுத்திய நாளிலிருந்து பாடவே இல்லை. பேட்டரி புதிது, யாரும் எண்ணெய் விடவில்லை. இதையும் திறந்து பார்க்க வேண்டுமா?

நானுஓயா மூடுபனி (பிப்ரவரி 18, பகல் 3.05)

திறக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. டயல்லயோ பெட்டியோட முன்பக்கத்துலயோ மிளகு அளவுல கண்ணு மாதிரி ஒரு சின்ன வில்லை இருக்கான்னு பாருங்க. சில பாட்டு மணிக்கூட்டுல அது வெளிச்சம் பாக்கிற கண்ணு. இருட்டா இருந்தா ராத்திரின்னு நினைச்சுப் பாடாது. எங்களுதுல அது இல்ல, ஆனா சோல்டர் அண்ணன் போன்ல பேசினப்ப சொன்னாரு. எங்க வச்சிருக்கீங்க?

தெமோதரை (பிப்ரவரி 18, மாலை 4.10)

8ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் வைத்த மூலையில் திரைச்சீலை அதை மறைத்திருக்கிறது. எடுத்துச் சன்னலுக்கு நேரே வைத்தேன். இப்போதுதான் பாடி, 4 அடித்தது. மாமி இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கோ என்கிறார், 5 மணி வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன்.